சம்பளம் ஏறியது, ஆஸ்பத்திரி போனது

கேள்வி:

கோவை கணபதியில் அப்பா தொடங்கிய மெஷின் ஷாப்பை ஆறு வருடமாக நான் நடத்துகிறேன். சிஎன்சி, விஎம்சி என்ற கம்ப்யூட்டர் மெஷின்களில் ஜாப் ஒர்க். பம்ப், வால்வு கம்பெனிகளுக்குப் பாகங்கள் செய்து கொடுக்கிறோம். மொத்தம் 46 பேர். பிஎஃப், ஈஎஸ்ஐ, போனஸ் எல்லாம் ஒழுங்காகக் கொடுக்கிறோம். அலவன்ஸ் என்று பிரிப்பதில்லை, ஒரே சம்பளம்தான். ஆனாலும் ஆள் நிற்பதில்லை. பதினைந்து மாதத்தில் ஒன்பது பேர் போய்விட்டார்கள். அதில் ஏழு பேர் செட்டர்கள், அதாவது ஒவ்வொரு பாகத்துக்கும் மெஷினைத் தயார் செய்து கொடுப்பவர்கள். எங்களிடமே வேலை பழகியவர்கள். இத்தனைக்கும் இரண்டு வருடத்துக்கு முன்பு அவர்களுக்குத்தான் 19, 20 ஆயிரத்திலிருந்து 22, 23 ஆயிரமாக ஏற்றிக் கொடுத்தேன். அதே சம்பளத்தில் இன்னும் 14 பேர் இருக்கிறார்கள். அவர்களும் போய்விடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. இதற்கு மேல் ஏற்ற, கம்பெனிகள் எங்களுக்குக் கொடுக்கும் ஜாப் ரேட் இடம் கொடுக்கவில்லை. பெரிய கம்பெனியில் இரண்டாயிரம் அதிகம் என்றுதான் போகிறார்கள்.

இப்போது ஒரு ஏஜென்ட் வந்து, "வாலண்டரி பெனிபிட்" என்று செல்போனில் ஒரு ஆப் காட்டினார். ஜிம், சினிமா டிக்கெட், ஷாப்பிங் கூப்பன், ஆன்லைன் டாக்டர் என்று இருபது சலுகை. வேண்டியதை ஊழியர்களே தேர்ந்தெடுக்கலாம், கம்பெனி தலைக்கு மாதம் ஒரு தொகை கட்டினால் போதும் என்கிறார். என் அண்ணனோ, மாதா மாதம் சம்பளத்தில் கொஞ்சம் பிடித்து வைத்து, மூன்று வருடம் முடித்தால் ஒரு லட்சமாகக் கொடு, அதுவரை ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கி வைத்துக்கொள் என்கிறார். மூன்று பேரிடம் வாங்கியும் வைத்திருக்கிறேன். இதில் எது சரி? சட்டம் கேட்பதற்கு மேல் சலுகை கொடுத்தால் ஆட்கள் நிற்பார்களா?

— பெயர் வேண்டாம், கணபதி, கோவை

பதில்:

வணக்கம்மா. உங்கள் கடிதத்தில் ஒரு வரியை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன். "அவர்களுக்குத்தான் 22, 23 ஆயிரமாக ஏற்றிக் கொடுத்தேன்" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரி. செட்டர்கள் போனதற்கான காரணத்தில் பெரும்பங்கு அதற்குள்ளேயே இருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஈஎஸ்ஐ, அதாவது தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீட்டில் இருக்கச் சம்பள வரம்பு மாதம் 21,000 ரூபாய். 2017 ஜனவரியிலிருந்து இதுதான். நீங்கள் அலவன்ஸ் பிரிக்காமல் ஒரே சம்பளமாகக் கொடுப்பதால், 20 ஆயிரத்திலிருந்து 22 ஆயிரத்துக்கு ஏற்றியபோது அந்த மனிதர் ஈஎஸ்ஐ-யை விட்டு வெளியே போய்விட்டார். உடனே தெரியாது. ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச் என்று சந்தா காலம் இரண்டு. நடுவில் சம்பளம் வரம்பைத் தாண்டினால் அந்தக் காலம் முடியும் வரை சந்தா பிடிப்பார்கள். அதற்குப் பிறகும் பல மாதங்களுக்கு மருத்துவ வசதி கிடைக்கும். அப்புறம் ஒரு நாள் அம்மாவுக்கு மாத்திரை வாங்க டிஸ்பென்சரிக்குப் போகும்போதுதான், கார்டு செல்லாது என்பது தெரியவரும். நீங்கள் சம்பளம் ஏற்றிய தேதியையும், அவர்கள் ஒவ்வொருவராக வேலையை விட்ட தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

ஈஎஸ்ஐ டிஸ்பென்சரியில் வரிசை நீளம், மருந்து இல்லை என்று எல்லோரும் அலுத்துக்கொள்கிறோம். அதில் உண்மையும் உண்டு. ஆனால் பெரிய வைத்தியம் என்று வரும்போது அதன் மதிப்பு வேறு. மனைவி, பிள்ளைகளோடு, சம்பாத்தியம் இல்லாமல் மகனையே நம்பியிருக்கும் அப்பா அம்மாவுக்கும் அதில் இடம் உண்டு. இத்தனை லட்சத்துக்கு மேல் வைத்தியம் கிடையாது என்ற உச்சவரம்பு இல்லை. தொழிலாளிக்கே உடம்பு சரியில்லாமல் போனால் வருடத்தில் 91 நாள் வரைக்கும் சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். இதெல்லாம் மாதம் நூற்றைம்பது ரூபாய்ச் சொச்சப் பிடித்தத்தில். சிங்காநல்லூர் ஈஎஸ்ஐ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஒருமுறை போய் வாசலில் நின்று பார்த்தால், கோவையில் எத்தனை தொழிலாளர் வீடுகள் அதை நம்பியிருக்கின்றன என்று தெரியும்.

அதை இழந்தவருக்கு வேறு கூரை கிடைப்பதும் கடினம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் சேரக் குடும்ப வருமானம் வருடத்துக்கு 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மாதம் 22,000 வாங்குகிறவருக்கு வருட வருமானமே 2,64,000. ஆக, 20,000 வாங்கும் ஆபரேட்டரின் அம்மாவுக்கு வைத்தியம் உண்டு. அவருக்கு வேலை சொல்லிக் கொடுத்த செட்டரின் அம்மாவுக்கு இல்லை. நீங்கள் நல்ல மனதோடு செய்த காரியம் இப்படி முடிந்திருக்கிறது. உங்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. வரம்பைச் சற்றே தாண்டிய சம்பளம் கொடுக்கும் சிறு தொழிற்சாலைகளில் இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

"இரண்டாயிரம் அதிகம்" என்று அவர்கள் சொன்னது பொய்யாக இருக்காது. ஆனால் முதலாளியிடம் சொல்லச் சுலபமான காரணம் அது. அப்பாவுக்கு ஸ்டென்ட் வைக்க வேண்டும், அந்தக் கம்பெனியில் மெடிக்ளைம் இருக்கிறது என்று யாரும் வந்து சொல்லிவிட்டுப் போக மாட்டார்கள்.

சரி, என்ன செய்யலாம்? முதலில் ஒரு கணக்கு. ஈஎஸ்ஐ-யில் உங்கள் பங்கு 3.25 சதவீதம். 21,000-க்குக் கணக்குப் போட்டால் மாதம் 682 ரூபாய் 50 காசு, வருடத்துக்கு 8,190 ரூபாய். வரம்பைத் தாண்டியவுடன் இந்தப் பணம் உங்களுக்கு மிச்சம். 14 பேருக்கு வருடம் 1,14,660 ரூபாய். தெரிந்தோ தெரியாமலோ அது கம்பெனிக் கணக்கிலேயே நின்றுவிட்டது. சலுகைக்குப் பணம் எங்கே என்று தேட வேண்டாம், இதை எடுத்து அந்த 14 பேருக்குக் குழு மருத்துவக் காப்பீடு போடுங்கள். தொழிலாளி, மனைவி, பிள்ளைகளுக்கான பிரீமியத்தைக் கம்பெனியே கட்டட்டும். இவர்கள் பெரும்பாலும் முப்பதுகளில் இருப்பவர்கள் என்பதால் தொகை கைக்கு அடங்கும். இரண்டு மூன்று இடத்தில் கொட்டேஷன் வாங்குங்கள்.

கொட்டேஷன் வாங்கும்போது பிரீமியத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்கு முதல் நாளிலிருந்தே பாதுகாப்பு உண்டா என்று கேளுங்கள். தனி ஆளாக பாலிசி எடுத்தால் சர்க்கரை, பிரஷர் போன்றவற்றுக்கு மூன்று வருடம் வரை காத்திருக்கச் சொல்வார்கள். குழு பாலிசியில் அந்தக் காத்திருப்பை நீக்கித் தரச் சொல்லிக் கேட்டு வாங்கலாம். அதற்குத்தான் குழுவாகச் சேருவதே. பிரசவத்துக்கும் அப்படித்தான். அப்புறம் அறை வாடகை வரம்பு. நாள் வாடகை 3,000 வரை என்று பாலிசி சொல்லி, ஆஸ்பத்திரியில் 5,000 ரூபாய் அறையில் சேர்த்துவிட்டால், வாடகையில் மட்டுமல்லாமல் டாக்டர் கட்டணம், ஆபரேஷன் கட்டணத்திலும் அதே விகிதத்தில் வெட்டுவார்கள். பில் கட்டும் நேரத்தில் இது தெரிந்தால் அந்தக் குடும்பம் உங்களைத்தான் நினைக்கும், இன்சூரன்ஸ் கம்பெனியை நினைக்காது. உங்கள் ஆட்கள் குடியிருக்கும் பக்கத்தில், கணபதி, சரவணம்பட்டி, அன்னூர் என்று, பணம் கட்டாமல் சேரக்கூடிய ஆஸ்பத்திரிகள் பட்டியலில் இருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

இன்னொன்று, இது சலுகை இல்லை, உங்கள் பாதுகாப்பு. ஈஎஸ்ஐ-யில் இருப்பவருக்கு மெஷினில் அடிபட்டால் இழப்பீட்டை ஈஎஸ்ஐ கொடுத்துவிடும். வெளியே வந்துவிட்ட அந்த 14 பேரில் ஒருவருக்கு அடிபட்டால் பொறுப்பு நேரே உங்கள் தலையில். தொழிலாளர் இழப்பீட்டு பாலிசி இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். இல்லையென்றால் மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு முதலில் அதைப் போடுங்கள்.

இனி அப்பா அம்மா. நீங்கள் கேட்ட "வாலண்டரி" என்ற சொல் இங்கேதான் பொருந்துகிறது. விருப்பச் சலுகை என்றால் கம்பெனி ஏற்பாடு செய்து கொடுக்கும், தொழிலாளி வேண்டுமென்றால் சேர்ந்து தன் பங்கைச் சம்பளத்திலிருந்து கட்டுவார், வேண்டாமென்றால் விட்டுவிடுவார். வயதானவர்களுக்குப் பிரீமியம் அதிகம், எல்லோருக்கும் கம்பெனியே கட்ட முடியாது. ஆனால் உங்கள் கையில் இருக்கும் இரண்டு விஷயங்கள் தொழிலாளியிடம் கிடையாது. ஒன்று, கும்பலாகப் போய் நிபந்தனையைக் குறைக்கச் சொல்லும் பலம். இரண்டாவது, மொத்தப் பணத்தை ஒரே நேரத்தில் கட்டும் சக்தி. அப்பா அம்மா இருவருக்கும் சேர்த்து 18,000 ரூபாய் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதை ஒரே நாளில் புரட்ட அவர் வட்டிக்குத்தான் போக வேண்டும். நீங்கள் கட்டிவிட்டு மாதம் 1,500 என்று வட்டியில்லாமல் பிடித்துக்கொண்டால், அவருக்கு அது பெரிய உதவி. உங்களுக்குச் செலவு சில மாதப் புழக்கம் மட்டும்தான். முடிந்தால் அதில் கால் பங்கையாவது கம்பெனி ஏற்றுக்கொள்ளட்டும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. விருப்பம் என்று விட்டால், வீட்டில் நோயாளி இருப்பவர்கள் மட்டும்தான் முதலில் சேருவார்கள். கிளைம் அதிகமாகும், அடுத்த வருடப் பிரீமியம் தாவும், அதைப் பார்த்து மீதிப் பேரும் விலகுவார்கள். இரண்டு வருடத்தில் திட்டமே நின்றுபோகும். இதைத் தவிர்க்க, வருடத்தில் ஒரு மாதம் மட்டும் சேரும் காலம் என்று வையுங்கள். நடுவில் சேர்க்க வேண்டாம். பெற்றோருக்கான பில்லில் பத்திலிருந்து இருபது சதவீதம் குடும்பம் ஏற்கும் என்ற நிபந்தனையை ஒப்புக்கொண்டால் பிரீமியம் குறையும். அதை மறைக்காமல் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். முதல் வருடத்தில் 14 பேரில் பாதிப் பேராவது சேர வேண்டும் என்று நீங்களே உட்கார்ந்து பேசுங்கள். வேலையை விட்டுப் போகிறவர், இன்சூரன்ஸ் கம்பெனியிடம் விண்ணப்பித்துத் தனி பாலிசிக்கு மாறிக்கொள்ள வழி இருக்கிறது. அதையும் சொல்லுங்கள். போனால் போய்விடும் என்ற பயத்தில் ஒருவர் நிற்பது உங்களுக்கும் நல்லதில்லை.

எப்படிப் பேசுவது என்பதில் எனக்கு ஒரு அனுபவம் உண்டு. பல வருடங்களுக்கு முன், பம்ப் பாகம் செய்யும் ஒரு தொழிற்சாலைக்கு நானே விருப்பச் சலுகைத் திட்டம் ஒன்று தயாரித்தேன். பதினொரு சலுகை, அழகாக அச்சடித்த படிவம், வேண்டியதற்கு டிக் அடித்தால் போதும். மூன்று பேர்தான் அடித்தார்கள். எனக்குப் புரியவே இல்லை. வயதான வெல்டர் ஒருவரிடம் கேட்டேன். "சார், இதுல எதுக்கு எவ்வளவு பிடிப்பீங்கன்னு போடல. பிடிச்சா அது எங்கே போகுதுன்னும் போடல. பிடித்தம்னாலே எங்களுக்குப் பயம் சார்" என்றார். அன்றைக்குத்தான் புரிந்துகொண்டேன். நமக்கு அது சலுகை, அவர்களுக்கு அது இன்னொரு பிடித்தம். அதிலிருந்து நான் எங்கே போனாலும் ஆண்டுத் தொகையைச் சொல்வதில்லை, மாதம் எத்தனை ரூபாய் என்றுதான் சொல்கிறேன். சம்பளச் சீட்டில் தனி வரியாகத் தமிழில் போடச் சொல்கிறேன். எழுத்தில் சம்மதம் வாங்காமல் ஒரு ரூபாய்கூடப் பிடிக்க விடுவதில்லை. முடிந்த இடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவிகளையும் கூப்பிட்டு உட்கார வைக்கச் சொல்கிறேன். வீட்டில் யாருக்கு என்ன மாத்திரை, எப்போது ஆபரேஷன் சொல்லியிருக்கிறார்கள் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் சரியாகத் தெரியும்.

இந்த இடத்தில் ஏஜென்ட் காட்டிய ஆப் பற்றி. வேண்டாம்மா. ஜிம்மும் சினிமா டிக்கெட்டும் கெட்டவை என்பதற்காகச் சொல்லவில்லை. எட்டு மணி நேரம் நின்று வேலை செய்து, ஓவர்டைமும் பார்த்துவிட்டுப் போகிறவருக்கு ஜிம் கூப்பன் எதற்கு? உங்களை விட்டு யாரும் சினிமா டிக்கெட் இல்லாததால் போகவில்லை. சலுகை ஆளை நிறுத்த வேண்டுமென்றால், எதனால் போகிறார்களோ அந்தக் கஷ்டத்தில் அது கை வைக்க வேண்டும். தலைக்கு இவ்வளவு என்று அந்த ஆப்புக்குக் கட்டும் பணத்தைப் பெற்றோர் பிரீமியத்தில் கம்பெனி பங்காகப் போடுங்கள்.

அண்ணன் சொன்ன யோசனைக்கு வருகிறேன். இதில் நான் கொஞ்சம் கடுமையாகத்தான் எழுத வேண்டியிருக்கிறது. சம்பளத்தில் பிடித்து வைத்து, மூன்று வருடம் முடிந்தால் மொத்தமாகக் கொடுக்கும் வழி நம் மண்ணுக்குப் புதிதில்லை. சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் பக்கத்து நூல் மில்களில் நடந்தது இதுதான். கல்யாணச் செலவுக்கு ஆகும் என்று சொல்லி இளம் பெண்களைச் சேர்த்தார்கள். பணம் அவர்களுடைய உழைப்பில் சேர்ந்தது. மூன்று வருடம் முடிவதற்குள் உடம்பு முடியாமல் வீட்டுக்குப் போன பெண்களில் எத்தனையோ பேர் சேர்த்த தொகையைப் பார்க்கவே இல்லை. அது சலுகை என்ற பெயரில் போட்ட பூட்டு. அதனால் இந்தப் பகுதி மில்களுக்கு வெளிநாடு வரை கெட்ட பெயர் வந்தது. உங்கள் எண்ணம் அதுவல்ல என்று எனக்குத் தெரியும். ஆனால் ஏற்பாடு அதேதான். அவர் சம்பாதித்த பணம் அந்த மாதமே அவர் கைக்குப் போக வேண்டும்.

உண்மையில் நீண்ட காலம் இருந்ததற்கான தொகை ஒன்று சட்டத்திலேயே இருக்கிறது. ஐந்து வருடம் முடித்தவருக்குக் கிராஜுவிட்டி. ஒவ்வொரு வருடத்துக்கும் பதினைந்து நாள் சம்பளம், மாதத்தை 26 நாளாக வைத்துக் கணக்கு. 22,000 சம்பளத்துக்கு ஐந்து வருடத்தில் 63,461 ரூபாய். இதில் தொழிலாளி பணம் ஒரு பைசா கிடையாது, முழுவதும் உங்களுடையது. உங்கள் ஷாப்பில் எத்தனை பேருக்கு இது தெரியும்? மூன்றரை வருடத்தில் போனவருக்குத் தெரிந்திருக்குமா? ஏப்ரல் மாதம் ஒவ்வொருவருக்கும் ஒரு சீட்டு கொடுங்கள். இன்றைய தேதிக்கு உங்கள் கிராஜுவிட்டி கணக்கு இவ்வளவு, ஐந்து வருடம் முடியும்போது இவ்வளவு என்று. மூன்றாவது வருடத்தில் ஏதாவது கொடுக்க ஆசைப்பட்டால், கம்பெனி பணத்தில் கொடுங்கள், எந்தப் பிடித்தமும் இல்லாமல்.

இதேபோல், நீங்கள் ஏற்கெனவே கட்டிக்கொண்டிருக்கும் இன்னொரு விஷயமும் யாருக்கும் தெரிந்திருக்காது. பிஎஃப்-போடு சேர்ந்த ஆயுள் காப்பீடு. பணியில் இருக்கும்போது இறந்தால் குடும்பத்துக்கு அதிகபட்சம் ஏழு லட்சம் வரை கிடைக்கும். தொழிலாளி இதற்கு எதுவும் கட்டுவதில்லை, நீங்கள்தான் தனியாக அரை சதவீதம் கட்டுகிறீர்கள். ஆனால் நாமினி பதிவு செய்யாமல் இருப்பார்கள், அல்லது கல்யாணத்துக்கு முன் அம்மா பெயரில் போட்டதோடு விட்டிருப்பார்கள். ஒரு கம்ப்யூட்டர், ஒரு பையன், இரண்டு சனிக்கிழமை போதும், 46 பேருக்கும் சரி செய்துவிடலாம்.

சேமிக்க நினைப்பவர்களுக்கு விருப்பப் பிஎஃப் உண்டு. 12 சதவீதத்துக்கு மேல் தன் பங்கைத் தானே கூட்டிக்கொள்வது. உங்களுக்கு கூடுதல் செலவு இல்லை, அவருக்கு பிஎஃப்-புக்கு உள்ள அதே வட்டி. 2024-25க்கு 8.25 சதவீதம் கொடுத்தார்கள். சீட்டுக் கம்பெனியில் போட்டு ஏமாந்தவர்கள் உங்கள் ஷாப்பிலும் இருப்பார்கள், அவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். அப்புறம் வங்கி வழியாகச் சேரும் பிரதமர் காப்பீடுகள் இரண்டு. விபத்துக்கு வருடம் 20 ரூபாய், ஆயுளுக்கு 436 ரூபாய், இரண்டிலும் இரண்டு லட்சம். ஆயுள் காப்பீட்டில் 50 வயதுக்குள் சேர வேண்டும். 46 பேருக்கும் கம்பெனியே திருப்பிக் கொடுத்தாலும் வருடத்துக்கு 20,976 ரூபாய்தான். ஈஎஸ்ஐ-க்குள் இருக்கும் 32 பேரும் "செட்டர்களுக்கு மட்டும் எல்லாம் செய்கிறார்கள்" என்று நினைக்காமல் இருக்க, அவர்களுக்கும் சேர்த்துச் செய்ய ஏதாவது வேண்டும். இது அதற்கு நல்ல தொடக்கம்.

அட்வான்ஸ் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். ஜூன் மாதம் ஸ்கூல் பீஸ், ஊரில் நோம்பி, தங்கை வளைகாப்பு என்று வரும்போது நூற்றுக்கு ஐந்து வட்டிக்கு வெளியே வாங்குகிறார்கள். கம்பெனி வட்டியில்லாமல் ஒரு மாதச் சம்பளம் வரை கொடுத்து ஆறு மாதத்தில் பிடித்துக்கொண்டால், வேறு எந்தச் சலுகையையும்விட அதை நினைவில் வைத்திருப்பார்கள். ஒரு எச்சரிக்கை மட்டும். பாக்கி இருக்கிறது, அதனால் போகக் கூடாது என்று ஒருநாளும் சொல்லிவிடாதீர்கள். கடனைக் காட்டி ஆளை நிறுத்துவதற்குப் பெயர் கொத்தடிமை முறை. 1976லேயே சட்டம் போட்டு ஒழித்தது. போகிறேன் என்றால் கடைசிக் கணக்கில் கழித்துக்கொள்ளுங்கள், மீதியைத் தவணையாகக் கொடுக்கச் சொல்லிக் கைகுலுக்கி அனுப்புங்கள்.

சட்டம் கேட்பதற்கு மேல் செய்தால் நிற்பார்களா என்று கேட்டீர்கள். நாம் இன்றைக்குச் சட்டம் என்று நினைக்கும் பலவும் ஒரு காலத்தில் யாரோ ஒரு முதலாளி தானாகச் செய்ததுதான். நாக்பூரில் டாடாவின் எம்ப்ரஸ் மில்லில் 1886ல் பென்ஷன் நிதி, 1895ல் விபத்து இழப்பீடு. ஜாம்ஷெட்பூர் இரும்பாலையில் 1920ல் பிஎஃப், நாட்டுக்கு அந்தச் சட்டம் வந்தது 1952ல். தர்மத்துக்காக மட்டும் செய்திருக்க மாட்டார்கள். ஆள் நின்றால்தான் ஆலை ஓடும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

ஆனால் எல்லோரும் நிற்பார்கள் என்று நான் சொன்னால் அது பொய். பெரிய கம்பெனிக்கும் உங்களுக்கும் சம்பள வித்தியாசம் இரண்டாயிரம், மூன்றாயிரம் என்றால், வீட்டுக்குப் பக்கத்தில் வேலை, பெற்றோருக்கு வைத்தியம், அவசரத்துக்கு அட்வான்ஸ் மூன்றும் சேர்ந்து அதை ஈடுகட்டும். ஓசூரிலோ ஸ்ரீபெரும்புதூரிலோ எட்டாயிரம் அதிகம் கொடுத்தால் எந்தச் சலுகையாலும் முடியாது. அவருக்கு அது வாழ்க்கையில் ஒரு படி, வாழ்த்தி அனுப்புங்கள். சம்பளத்தையும் அப்படியே விட்டுவிடக் கூடாது. ஒரு செட்டர் போனால் உங்களுக்கு என்ன நஷ்டம் என்று கணக்குப் போட்டிருக்கிறீர்களா? மெஷின் ஓட மணிக்கு 400 ரூபாய் ரேட், புது ஆள் செட்டிங் போடத் தடுமாறி ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் மெஷின் நிற்கிறது என்று வைத்துக்கொண்டால், 25 நாளில் 20,000 ரூபாய். தப்பாகி ரிஜெக்ஷனில் போகும் பாகங்கள் தனி. அவர் கை பழக நாலு மாதம் என்றால் 80,000. ஏழு பேருக்கு இதைப் போட்டுப் பார்த்தபின், இன்னொரு ஆயிரம் ஏற்ற ஜாப் ரேட் உண்மையிலேயே இடம் கொடுக்கவில்லையா என்று மறுபடி யோசியுங்கள். பார்ட்டிகளிடம் ரேட் பேசும்போதும் இந்தக் கணக்கு கையில் இருக்கட்டும்.

இனிமேல் யாருக்குச் சம்பளம் ஏற்றினாலும், 21,000 கோட்டைத் தாண்டுகிறதா என்று முதலில் பாருங்கள். தாண்டினால் ஏற்றும் தேதியிலேயே காப்பீட்டில் சேர்த்துவிடுங்கள். மெடிக்கல் கார்டும் புதுச் சம்பளமும் ஒன்றாகவே அவர் கைக்குப் போகட்டும்.

அந்த மூன்று பேரின் ஒரிஜினல் சர்டிபிகேட்டை இந்த வாரமே, நீங்களே கையில் கொடுத்துவிடுங்கள். ஆபீஸ் பையனிடம் கொடுத்தனுப்ப வேண்டாம். அப்புறம் போன ஏழு பேரில் உங்களிடம் நன்றாகப் பேசுகிற ஒருவரைப் போனில் கூப்பிட்டு, திரும்பி வா என்று கேட்காமல், அங்கே அம்மாவுக்கு ஆஸ்பத்திரி வசதி இருக்கிறதா என்று மட்டும் விசாரியுங்கள். நான் நினைத்தது சரியா தப்பா என்று அவர் சொல்லிவிடுவார். கொட்டேஷன்கள் வந்ததும் பெற்றோருக்கான நிபந்தனைப் பக்கத்தை எனக்கு அனுப்புங்கள், கையெழுத்துப் போடும் முன் ஒருமுறை படித்துச் சொல்கிறேன்.